படியில் ஒரு கால், மண்ணில் ஒரு கால்

உசிலங்காட்டுச் சீனியம்மாள் பஸ்ஸை நிறுத்தி வைப்பதில் பேர்போனவள். கையைக் காட்டி நிறுத்துவது எல்லாரும் செய்கிற காரியம், அவள் நிறுத்தி வைப்பாள். மகள் சண்முகக்கனி அருப்புக்கோட்டைக் காலேஜுக்குப் போய்வந்த காலமெல்லாம், காலை பஸ் ஊர்ப் பொது மந்தையில் வந்து உறுமுகிற நேரத்தில் கனி வீட்டுக்குள் ஈரத்தலையோடு ஊக்கு தேடிக்கொண்டிருப்பாள், சீனியம்மாள் அவளுக்கு முன்னால் ஓடிவந்து பஸ்ஸின் படியில் ஒரு கால், மண்ணில் ஒரு கால் என்று வைத்து, வலது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எம்மவ வாரா, நில்லு" என்பாள். டிரைவர் ஆரனை அமுக்கிப் பிடிப்பார், கண்டக்டர் அவள் பரம்பரையையே இழுத்துப் பேசுவார், உள்ளே இருக்கிற ஆம்பளைகள் இவள் மகள் என்ன கலெக்டர் ஆபீசுக்கா போகிறாள் என்று சிரிப்பார்கள், அவள் ஏறவும் மாட்டாள், இறங்கவும் மாட்டாள், கனி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறின பிறகுதான் காலை எடுப்பாள். கனி ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு நடந்ததைக் கேட்ட உசிலங்காட்டார் ஒருத்தரும் அதெப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. அவள் செய்யக்கூடியவள்தான் என்றார்கள்.

அந்தச் சீனியம்மாள் ஒரு சித்திரை மாதக் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, நிலைப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே போய்விட்டாள். கனியின் தம்பி காளிராசு, திண்டுக்கல்லில் வாக்கப்பட்டிருந்த அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, கனியின் மாமியார் தனபாக்கியம் கூடம் நிறையக் கல்யாணப் பத்திரிகைகளைப் பரப்பி வைத்து மூலைக்கு மூலை மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கனியின் நாத்தனாருக்கு வைகாசி முதல் முகூர்த்தத்தில், விடியற்காலையில் கல்யாணம்.

தனபாக்கியமும் அழுதாள். அது பொய் அழுகை இல்லை, சம்பந்தியம்மாள் மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. அழுது முடித்து மூக்கைத் துடைத்தவள், துடைத்த கையோடு யோசிக்க ஆரம்பித்தாள். கேத வீட்டுக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தால் மகனுக்கும் மருமகளுக்கும் தீட்டு. தீட்டுக் கழிவதற்குள் கல்யாணம் வந்துவிடும். தெற்குப் பக்கத்துச் சொந்தங்களுக்கெல்லாம் ஜோடியாகப் போய்த் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்காவிட்டால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள். ஆக, போகிற வழியிலேயே பத்திரிகைகளை வைத்துவிட்டு, அப்புறம் கேத வீட்டுக்குப் போவதுதான் முறை. காதில் விழுந்ததுமே தீட்டுதானே அத்தை என்று கனி கேட்டாள். காதில் விழுந்தால் இல்லை, கண்ணால் பார்த்துத் தலை முழுகினால்தான் தீட்டு என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். சாத்திரம் என்பது யாருடைய வீட்டுக் கூடத்தில் சொல்லப்படுகிறதோ அந்த வீட்டுக்கு வசதியாக மடிந்து உட்கார்ந்துகொள்ளும். இல்லையென்றால் மகளின் கண்ணீருக்கு இல்லாத சக்தி மகளின் கண்பார்வைக்கு எங்கிருந்து வந்தது?

கனியின் கணவன் ராசவேல் கெட்டவன் இல்லை. இந்தக் கதையில் இருக்கிற தொல்லையே அதுதான். அடிக்கிறவன், குடிக்கிறவன் என்றால் ஊர் ஒரு வார்த்தை சொல்லும், கனியும் ஒரு வழி தேடியிருப்பாள். இவன் அம்மா சொன்னதற்கும் தலையாட்டினான், பெண்டாட்டி அழுததற்கும் அவளோடு உட்கார்ந்து கண் கலங்கினான், எப்படியும் பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். சொன்னதை அவன் நம்பவும் செய்தான்.

பொழுது சாய்வதற்குள் என்பது சும்மா சொன்னது இல்லை. உசிலங்காட்டில் இருட்டிய பிறகு பிணம் எடுக்க மாட்டார்கள், எடுக்கிற வரைக்கும் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், அதனால் எந்தச் சாவானாலும் அன்றைக்குப் பொழுதுக்குள் சுடுகாடு போய்விடும். பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமும் இல்லை. மகள் தாயின் முகத்தைப் பார்ப்பதும், வாயில் ஒரு பிடி அரிசி போடுவதும் வாசலில் கிடத்தியிருக்கிற வரைக்கும்தான். அந்த வாய்க்கரிசிக்காகத்தான் கனி கிளம்பினாள். ஆனால் உடனே கிளம்ப முடியவில்லை, ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் அத்தை அவளைத் தலை வாரிப் பொட்டு வைத்துப் பட்டுச்சேலை கட்ட வைத்தாள், போகிற வீடுகளில் சாவைப் பற்றி மூச்சு விடக்கூடாது, அழுத முகத்தோடு தட்டை நீட்டக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள். கல்யாணப் பேச்சுக்கு நடுவில் போன் வந்து யாராவது ஒப்பாரி வைத்தால் அபசகுனம் என்று, கனியின் போனை வாங்கிச் சத்தத்தை அமுக்கி மகனின் சட்டைப்பையில் போட்டாள்.

ராசவேல் காரை ஓட்ட, முதலில் போய் நின்ற வாடிப்பட்டியில் அவன் சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் கையிலும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய பத்திரிகை, அவர் வருகிற வரைக்கும் கனி சிரித்த முகமாய் உட்கார்ந்து சித்தி வைத்த காப்பியைக் குடித்தாள். கை நனைக்காமல் போனால் என்ன சொந்தம் என்று இட்லி வந்தது, அதையும் தின்றாள். அம்மா எப்படி இருக்காக என்று சித்தி கேட்டாள். நல்லா இருக்காக என்று கனி சொன்னாள், சொல்லும்போது வாயில் இட்லி இருந்தது. மதுரையில் கல்யாணப் பொண்ணின் ஜாக்கெட்டை வாங்க வேண்டியிருந்தது. கொக்கி மட்டும்தான் பாக்கி, உட்காருங்க என்றார் டெய்லர். அந்தக் கொக்கி ஒவ்வொன்றும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கனி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள், பொழுது உச்சியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

காரியாபட்டியைத் தொடும்போது பொழுது மேற்கே ஒரு பனை உயரத்துக்கு இறங்கியிருந்தது. இறங்கி, அங்கேயே நின்றது.

ரோட்டோர டீக்கடைக்காரர்தான் அதைச் சொன்னார். நின்னுருச்சு தம்பி, சாயங்காலத்துக்குப் போட்ட வடை தீர்ந்து மறுபடியும் மாவு ஆட்டி இன்னொரு ஈடும் ஓடிக்கிட்டிருக்கு, பொழுது அந்தப் பனைமட்டையை விட்டு நகரல என்று, பால் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டே, கரண்ட் போனதைச் சொல்வதுபோலச் சொன்னார். கடிகாரங்கள் தம் பாட்டுக்கு ஓடின. ராசவேல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான், காளிராசுவின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. கனி போனைப் பிடுங்கிப் பேசினாள். தம்பி அழவில்லை, அலுப்பும் பெருமையும் கலந்த குரலில் சொன்னான்.

"யக்கா, அம்மா பொழுதப் பிடிச்சு வச்சிருக்கு. குளிப்பாட்டும்போது பாத்தோம், வலது கை மூடியிருக்கு, பிரிக்க முடியல. நீ வார வரைக்கும் விடாது. வந்துரு."

கனி ரோட்டோரம் குத்தவைத்து உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அழுகைக்குள் ஒரு சிரிப்பும் இருந்தது. அம்மாவின் கால் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று அந்தப் பக்கத்துப் படியில், ஒன்று இந்தப் பக்கத்து மண்ணில்.

ராசவேலுக்கும் நிம்மதியாகிவிட்டது. நிம்மதியானவன் செய்த முதல் வேலை, கனியின் போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அம்மாவுக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னதுதான். தனபாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். சம்பந்தியம்மா சம்பந்தியம்மாதான், நம்ம வீட்டுக் காரியத்துக்குத் தடங்கல் வரக்கூடாதுன்னு செத்தும் பாத்துக்கிறாக பாரு என்றாள். பிறகு, பொழுதுதான் நிற்கிறதே என்று, அவசரத்துக்காக விட்டுவிட்ட வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். உள்ளே ஒரு கிராமத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி, அங்கிருந்து குறுக்குப் பாதையில் போனால் சீர்ப் பலகாரத்துக்குச் சொல்லிவைத்த கடை, அருப்புக்கோட்டை தாண்டிப் பெரிய அத்தை வீடு. கனி வேண்டாம் என்றாள், கெஞ்சினாள், கத்தினாள். "என்ன அவசரம் கனி? உனக்காகத்தான நிக்குது" என்றான் ராசவேல். ஒரு தாய் செத்த கையால் பிடுங்கி வைத்த நேரம், அதை ஒருத்தி ஒருத்திக்காகப் பிடித்து வைத்தாள், அதைக்கூட மகள் கையில் தராமல் பலகாரக் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். இதை அநியாயம் என்று சொன்னால், அப்படியென்றால் கல்யாணத்துக்குப் பலகாரம் வேண்டாமா என்று கேட்பார்கள்.

கனி காரை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பஸ் நின்றிருந்தது, டிரைவரும் கண்டக்டரும் அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள். அது பொழுது சாய்ந்தால் எடுக்கிற வண்டி, பொழுது சாயாமல் எப்படி எடுப்பது என்று கேட்டார்கள். அவள் திரும்பி வந்து காரில் ஏறினாள்.

அவர்கள் போன வழியெல்லாம் சனங்கள் அந்த நின்றுபோன பொழுதுக்குள் குடியேறிக்கொண்டிருந்தார்கள். பருத்திக் காட்டில் நிரை பிடித்து எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், பொழுது சாயுற வரைக்கும்னுதான பேச்சு என்று காட்டுக்காரர் வரப்பில் நின்று நியாயம் கேட்டார். தீப்பெட்டி ஆபீசில் கடிகாரப்படி விட வேண்டியவர்களைப் பொழுதுப்படி வைத்துக்கொண்டார்கள், பொழுதுப்படி கூலி உண்டா என்றால் கடிகாரத்தைக் காட்டினார்கள். பள்ளிவாசலில் பெரியவர்கள் கூடிப் பேசிக் கடிகாரத்தை நம்புவதென்று முடிவெடுத்தார்கள், கோயில் பூசாரி வெயிலை நம்புவதென்று முடிவெடுத்து விளக்கேற்றாமல் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தார். மல்லிகை மொட்டு மலராமல் நின்றதில் பூ வியாபாரிகளுக்குக் கொள்ளைச் சந்தோசம். கோழிகள் அடைய மறுத்து நின்றபடியே தூங்கி விழுந்தன. பிள்ளைகள் விளையாடி விளையாடி அலுத்து, ஆடின இடத்திலேயே கண்ணை இடுக்கிக்கொண்டு தூங்கினார்கள். ஆம்பளைகள் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்துவிட்டார்கள், எழுந்ததும் பசித்தது, ராத்திரிச் சோறு ஆக்கிப் போட்ட பொம்பளைகள் மறுபடியும் உலை வைத்தார்கள். ஒரு நாள் நீண்டால் அந்த நீளம் முழுக்க யார் தலையில் ஏறும் என்பதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, அது தானாக முடிவாகியிருந்தது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட பொம்பளைகளால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் கக்கூஸ் கிடையாது, கட்டின வீடுகளிலும் அதில் விறகு அடுக்கியிருந்தார்கள். ஆம்பளைகளுக்கு எந்த வேலிக்கும் எந்த வெளிச்சத்திலும் உரிமை உண்டு, பொம்பளைகள் இருட்டினால்தான் கருவக்காட்டுப் பக்கம் ஒதுங்க முடியும். காலையில் ஒதுங்கினவர்கள் அடுத்த இருட்டுக்காகக் காத்திருந்தார்கள், இருட்டு வரவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நடந்தார்கள். கனிக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, போன வீடுகளில் கொடுத்த காப்பியையெல்லாம் குடித்துவிட்டு, பத்திரிகை வைக்க வந்த மருமகள் வாய்விட்டுக் கேட்கக்கூடாத அதை அவளும் காரில் அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது யாருக்காக நிற்கிறது என்ற சேதி பஸ் ஓடாமலேயே ஊர் ஊராகப் பரவியது. முதலில் கையெடுத்துக் கும்பிட்டார்கள், தாய்ன்னா தாய்தான் என்றார்கள், உசிலங்காட்டு வாசலில் தேங்காயும் பழமுமாக வந்து சீனியம்மாளின் மூடின கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு அந்த மகள் என்ன ஆடி அசைந்து வாராளா என்று கேட்க ஆரம்பித்தார்கள். யாரோ பலகாரக் கடையில் பார்த்ததாகச் சொன்னார்கள், பட்டுச்சேலையும் பூவுமாய்ச் சிரித்துக்கொண்டு நின்றாளாம். அது பொய் இல்லை. அடுப்பு எரியாத உசிலங்காட்டில் பிள்ளைகள் பசித்து வீறிட்டன. காளிராசு ஒவ்வொருத்தர் காலிலும் விழுந்து, வந்துருவா, வந்துருவா என்றான். போனைப் போட்டுப் போட்டுப் பார்த்தான், அது ராசவேலின் சட்டைப்பைக்குள் சத்தமில்லாமல் துடித்து அடங்கியது.

கடைசி வீடு பெரிய அத்தை வீடு, அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ரோட்டோரக் கிராமம். அங்கிருந்து உசிலங்காட்டுப் பனைகள் கண்ணுக்குத் தெரியும். அவள் ராசவேலின் அப்பாவோடு பிறந்தவள், முறைப்படி கனிக்குப் பெரியம்மா. தடித்த உடம்பும் தங்க வளையலுமாய் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தட்டில் வெற்றிலை காம்பு கிள்ளாமல் இருக்கிறது என்று குறை சொன்னாள், முதல் பத்திரிகை தனக்கு வைக்காமல் வாடிப்பட்டிக்கு எப்படி வைக்கலாம் என்று கேட்டாள், சாப்பிட்டால்தான் வாங்குவேன் என்று இலை போடச் சொன்னாள். பிறகு கனியைப் பக்கத்தில் இழுத்து நெற்றியில் குங்குமம் அப்பி, ஏற்கெனவே இருந்த பூவுக்கு மேல் இன்னொரு சரம் வைத்து, இதென்ன கல்யாண வீட்டு மருமக மூஞ்சி இப்படிச் செத்துக் கிடக்கு என்று கேட்டாள்.

"எங்கம்மா செத்துப்போச்சு, பெரியம்மா" என்றாள் கனி. "காலையிலேயே. அங்கன வாசல்ல கெடக்கு. எனக்காகத்தான் பொழுது நிக்குது. விடுங்க, நான் போறேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்தினார்கள். அடுத்த நிமிசம் அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். எழுந்தது கனியைத் தாங்கிப் பிடிக்க இல்லை. சாவை மடியில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் தாம்பூலத் தட்டோடு வந்தீர்களா, என் பேத்தி மாசமாக இருக்கிறாள், இந்தக் கையால்தானே குங்குமம் வைத்தேன் என்று கத்தினாள். தட்டை வாசலுக்கு எடுத்துப் போகச் சொன்னாள், மஞ்சள் தண்ணி கொண்டுவரச் சொன்னாள், என் தம்பி இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று அழவும் செய்தாள். ராசவேல் அவள் காலைப் பிடித்தான். தெரியாமல் செய்துவிட்டோம், அம்மாதான் சொன்னாள், இன்னும் முகம் பார்க்கவில்லை, பார்த்தால்தான் தீட்டு என்று சாத்திரம் பேசினான். அப்படி யார் சொன்னது என்று அத்தை அவள் பக்கத்துச் சாத்திரத்தை எடுத்தாள். கார்ச் சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. நடந்தாவது போகலாம் என்று படியிறங்கப் போனவளை, மஞ்சள் தண்ணி தெளிக்காமல் தெருவில் கால் வைக்கக்கூடாது என்று வீட்டுப் பொம்பளைகள் மறித்துக்கொண்டார்கள். கனி வாசலுக்கும் கூடத்துக்குமாக நின்று சாவியைக் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் எது தீட்டு என்று வாதாடிக்கொண்டே இருந்தார்கள்.

அதே நேரத்தில் உசிலங்காட்டு வாசலில் ஆம்பளைகளின் பேச்சு ஓய்ந்து பொம்பளைகள் வந்துவிட்டார்கள். சுத்துப்பட்டு ஊர்ப் பொம்பளைகள், பருத்திக் காட்டிலிருந்தும் தீப்பெட்டி ஆபீசிலிருந்தும், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாமல் நடந்து வந்தார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை. சீனியம்மாளைச் சுற்றி உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மதினி, நீயும் பொம்பளைதான, உனக்குத் தெரியாததா, தாங்க முடியல மதினி, விட்டுரு என்று காதோரம் கெஞ்சினார்கள். டிரைவர் ஆரனுக்கும் கண்டக்டர் ஏச்சுக்கும் அசையாத அந்தக் கை, அதற்கு அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக, மனசில்லாமல், பிரிந்தன. காளிராசு அக்காவுக்காக வைத்திருந்த அரிசியைத் தானே எடுத்துப் போட்டான். பொழுது விழுவதற்குள் தூக்கிவிட்டார்கள்.

பெரிய அத்தை வீட்டு வாசலில் நின்றிருந்த கனியின் கண் முன்னால் பொழுது விழுந்தது. சாயவில்லை, விழுந்தது, தேங்கி நின்ற சாயங்காலம் முழுவதும் ஒரே மூச்சில் கவிழ்ந்த மாதிரி. தெருவெல்லாம் ஆரவாரம் கேட்டது, சிரிப்பும் கைதட்டலும். எல்லா வீட்டிலிருந்தும் பொம்பளைகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கருவக்காட்டைப் பார்த்து ஓடினார்கள், ஓடும்போதே சிலர் சந்தோசத்தில் அழுதார்கள். அவர்கள் மேல் கோபப்பட கனி முயற்சி செய்தாள், முடியவில்லை. அவள் உடம்பும் அந்த இருட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, அதுதான் அவளுக்கு மிகவும் கேவலமாக இருந்தது. தெற்கே, பனைகளுக்கு நடுவில், செக்கச் சிவந்த ஒரு வெளிச்சம் எழுந்தது.

உள்ளே சண்டை தானாக முடிந்துவிட்டது. இனிமேல் முகம் பார்க்க முடியாது, முகம் பார்க்காவிட்டால் தீட்டும் இல்லை, ஆக எல்லாருக்கும் நல்லதாகவே முடிந்தது என்று அத்தை தட்டைத் திரும்ப எடுத்துவரச் சொன்னாள். ராசவேல் வெளியே வந்து கனியின் தோளைத் தொட்டான். நிஜமாகவே கண் கலங்கியிருந்தான். இப்பப் போயி என்ன செய்ய கனி, விடிஞ்சதும் போயிரலாம் என்றான், சாவியைக்கூட நீட்டினான்.

கனி சாவியை வாங்கவில்லை. தலையிலிருந்த இரண்டு சரப் பூவையும் எடுத்துத் தரையில் போட்டாள். காரின் பின்கதவைத் திறந்தாள். வலது கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் காரின் படியில் வைத்தாள், ஒரு காலை மண்ணில் வைத்தாள்.

விடியவில்லை.

முதலில் தூங்குகிறவர்களுக்கு அது சந்தோசமாக இருந்தது. பருத்தி எடுக்கிறவர்கள் இடுப்புவலி தீரத் தூங்கினார்கள், தீப்பெட்டி ஆபீசுக்குப் பூட்டுப் போட்டார்கள், ஏனென்றால் விடிந்தால்தான் வேலை என்பதுதான் பேச்சு. கருவக்காட்டுக்குப் பொம்பளைகள் நினைத்த நேரம் போனார்கள், வந்தார்கள். பிறகு கோழிகள் கூவிக் கூவித் தொண்டை கட்டின, செடிகள் வெளுத்தன, பால் கறக்கிறவர்கள் லாந்தரை வைத்துக்கொண்டு மாட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து தனபாக்கியம் போன் போட்டாள், விடியற்காலை முகூர்த்தம் விடியாமல் எப்படி நடக்கும், மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பிடித்து உலுக்குகிறார்கள், அவளிடம் நல்ல வார்த்தை சொல்லிக் காலை எடுக்கச் சொல் என்று அழுதாள். ராசவேல் எல்லா நல்ல வார்த்தையும் சொல்லிப் பார்த்தான். காளிராசு இருட்டில் நடந்தே வந்து அக்காவைப் பார்த்தான், அவள் நின்ற மாதிரியைப் பார்த்ததும் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

கடைசியில் பெரிய அத்தையே ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் ஊரே நின்றது. தீட்டைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை.

"யாரு வரணும்னு இப்படி நிக்கிற, தாயி?" என்று கேட்டாள்.

கனி அவளைப் பார்க்கவில்லை. கிழக்கே, வர முடியாமல் உறுமிக்கொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"எங்கம்மா வாரா" என்றாள். "நில்லு."